திரைக்கு வராத நாயகி: ‘ரெபேக்கா’ பிறந்த கதை

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘ரெபேக்கா’ (1940) சுமார் இரண்டே கால் மணி நேரம் ஓடுகிறது. பெயருக்கு உரியவள், நாயகனின் இறந்துபோன முதல் மனைவி, அதில் ஒரு நொடிகூடத் தலைகாட்டுவதில்லை. ஒரு புகைப்படம், ஒரு பழைய நினைவுக் காட்சி, எதுவுமே கிடையாது. கதை முழுக்க வந்துகொண்டிருக்கும் இரண்டாம் மனைவியான இளம்பெண்ணுக்கோ பெயரே வைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த மாண்டர்லி மாளிகையும் உலகில் எங்கும் இருந்ததில்லை. இத்தனை ‘இல்லை’களை வைத்துக்கொண்டு ஒரு படம் பார்ப்பவர்களைக் கதிகலங்க வைத்தது. சிலவற்றை வேண்டுமென்றே விட்டார்கள். சிலவற்றை விடும்படி ஆயிற்று.

விதை விழுந்தது எகிப்தில். 1930களின் நடுவில் ஆங்கில எழுத்தாளர் டாஃப்னே டூ மோரியே, ராணுவ அதிகாரியான கணவருடன் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தார். வெயிலும் விருந்துகளும் அவருக்கு ஒத்துவரவில்லை; மனம் கார்ன்வால் கடற்கரையிலேயே கிடந்தது. அங்கே, மரங்களுக்குள் மறைந்து பாழடைந்து நின்ற மெனபிலி என்ற மாளிகையைக் கன்னிப் பருவத்தில் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்து மயங்கியவர் அவர். இன்னொரு உறுத்தலும் இருந்தது. கணவருக்கு முன்பு வேறொரு பெண்ணுடன் நிச்சயம் ஆகி முறிந்திருந்தது. அந்தப் பெண் எழுதிய கடிதங்கள் கண்ணில் பட, கணவர் இன்னும் அவளையே நினைக்கிறாரோ என்ற சந்தேகம் அரித்தது. எட்டாத வீடும் எதிரில் நில்லாத போட்டிக்காரியும் சேர்ந்து நாவலாயின. 1938இல் வெளிவந்த புத்தகம் சக்கைப்போடு போட்டது.

ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக் 50,000 டாலர் கொடுத்துப் பட உரிமையை வாங்கினார். அதே ஆண்டில் ஹிட்ச்காக்கையும் ஒப்பந்தம் செய்தார். டைட்டானிக் கப்பலைப் பற்றிப் படம் எடுக்கத்தான் முதலில் பேச்சு. அது நின்றுபோய், ‘ரெபேக்கா’ கைக்கு வந்தது. 1939இல் குடும்பத்தோடு அமெரிக்காவில் வந்து இறங்கிய ஹிட்ச்காக் தன் வழக்கப்படி நாவலைப் பிரித்து மேய்ந்து ஒரு வரைவு தயாரித்தார். பணக்கார நாயகன் சுருட்டுப் புகைக்க, பக்கத்தில் இருப்பவர்கள் கடற்பயணத்தில் குமட்டி வாந்தியெடுக்கும் நகைச்சுவையெல்லாம் அந்த வரைவில் இருந்தது. படித்த செல்ஸ்னிக் கொதித்துப்போனார். நீண்ட குறிப்பு ஒன்று எழுதி அனுப்பினார். மக்கள் விரும்பிப் படித்த புத்தகம் இது, அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது ‘கான் வித் த விண்ட்’ பட வேலையும் அவர் தலைமேல்தான் இருந்தது. இத்தனைக்கும் நடுவில், நாயகியின் கூச்சமும் தடுமாற்றமும் சிறுசிறு அவமானங்களும் ஒன்றுவிடாமல் திரையில் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பெயரில்லாத நாயகி பிழைத்தது அந்தப் பிடிவாதத்தால்தான்.

அந்த வேடத்துக்கு நடந்த தேர்வு பெரிய திருவிழா. நாயகன் லாரன்ஸ் ஒலிவியர், தன் காதலி விவியன் லீக்கே அது கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். கிடைத்ததோ அதிகம் பேர் அறியாத ஜோன் ஃபான்டெய்னுக்கு. ஒலிவியர் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஹிட்ச்காக் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தார்: இங்கே யாருக்கும் உன்னைப் பிடிக்கவில்லை என்று ஃபான்டெய்னிடமே சொல்லிவைத்தார். திரையில் நாம் பார்க்கும் மிரட்சியில் பாதி நடிப்பே அல்ல. இன்றைக்கு இதைச் சாமர்த்தியம் என்று யாரும் மெச்சிக்கொள்ள முடியாது.

படப்பிடிப்பு 1939 செப்டம்பரில், ஐரோப்பாவில் போர் மூண்ட சில நாட்களில், கலிஃபோர்னியாவில் தொடங்கியது. வெளியிலிருந்து தெரியும் மாண்டர்லி ஒரு சிறிய மாதிரி உருவம். உட்புறம் அரங்கில் போட்ட செட். இதனால் லாபம்தான் என்று ஹிட்ச்காக் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ட்ருஃபோவிடம் சொன்னார். இங்கிலாந்தில் எடுத்திருந்தால் ஊரையும் வயலையும் சாலையையும் காட்டும் ஆசை வந்திருக்கும். இங்கே அக்கம்பக்கமே இல்லாததால், மாளிகை எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வாள்?

வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் டான்வர்ஸை, அதாவது ஜூடித் ஆண்டர்சனை, நடந்துவருவதாக ஹிட்ச்காக் பெரும்பாலும் காட்டவேயில்லை. நாயகி திரும்பினால் அவள் அங்கே நிற்பாள். வந்த வழி தெரியாததால் எந்த மூலையிலும் அவள் இருக்கலாம் என்றாகிவிடுகிறது.

தணிக்கை விதி வேறொரு முடிச்சுப் போட்டது. நாவலில் கணவனே ரெபேக்காவைச் சுட்டுக் கொல்கிறான், தண்டனையும் இல்லை. கொலைகாரன் தப்பிப்பதை அன்றைய ஹாலிவுட் விதி அனுமதிக்காது. எனவே படத்தில் அவள் தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் சாகிறாள். கதையின் கூர்மை இதனால் கொஞ்சம் மழுங்கியது உண்மை. ஆனால் கணவன் அதைச் சொல்லும் காட்சியைப் பாருங்கள். அன்று அவள் எழுந்த இடம், நடந்த தடம் எல்லாவற்றையும் கேமரா பின்தொடர்கிறது, வெறும் அறையில். ஆள் இல்லாமலேயே ஒரு ஆளைக் காட்டிவிட்டார் ஹிட்ச்காக்.

செல்ஸ்னிக்குக்கு இந்த அடக்கம் எப்போதும் பிடிபட்டதில்லை. இறுதியில் மாளிகை எரியும்போது வானத்துப் புகை ரெபேக்காவின் முதலெழுத்தாக வளைந்து நிற்க வேண்டும் என்றாராம். ஹிட்ச்காக் அதைத் தவிர்த்து, அந்த எழுத்தைத் தைத்திருந்த படுக்கைத் துணியில் தீ பிடிப்பதைக் காட்டினார்.

படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது; அதை வாங்கியவர் தயாரிப்பாளர். சிறந்த இயக்குநர் விருது ஜான் ஃபோர்டுக்குப் போயிற்று. நாவலின் வருமானம் கைகொடுக்க, டூ மோரியே 1943இல் மெனபிலியையே குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார். இதே கதை 1964இல் வஹீதா ரஹ்மான் நடிக்க ‘கோஹ்ரா’ என்று இந்தியில் வந்தது.

‘ரெபேக்கா’ தன் படமே அல்ல என்று ஹிட்ச்காக் ட்ருஃபோவிடம் கைகழுவினார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த ‘சைக்கோ’விலும் செத்துப்போன ஒருத்திதான் ஒரு வீட்டை ஆள்கிறாள். 1963இல் ‘தி பேர்ட்ஸ்’ எடுக்க மறுபடியும் டூ மோரியேயின் கதையைத்தான் நாடினார். பாத்திரத்தின் தடுமாற்றத்தை ஒன்றுவிடாமல் காட்ட வேண்டும் என்று செல்ஸ்னிக் விடாப்பிடியாகக் கற்றுக்கொடுத்த பாடத்தை, அவர் பெயரைச் சொல்லாமலேயே, ஹிட்ச்காக் கடைசிவரை பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.