பகா எண்: தமிழ்ச் சொல்லும் கணித வரலாறும்

முன்னுரை

2024 அக்டோபரில், அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் கண்டறியப்பட்டது. 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் அவ்வெண் 41,024,320 இலக்கங்களைக் கொண்டது. கணினி உலகின் செய்தியாகத் தோன்றும் இதனைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி மாணவர் தம் மொழியிலேயே பொருளுணர்ந்து கற்க இயலும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லின் அமைப்பு

‘பகாத’ என்பதன் ஈறுகெட்ட வடிவமே ‘பகா’. நன்னூலின் பதவியல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என வகுக்கும். உறுப்புகளாகப் பிரிந்து பொருள் தராத நிலம், நீர் போன்றவை பகாப்பதங்கள். எண்களிலும் இப்பாகுபாடு உண்டு. 30 என்பது 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கமாகப் பிரியும். அம்மூன்றும் அதற்குமேல் பிரியா. மலாய் மொழியின் ‘பெர்டானா’ முதன்மையைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல்லோ அவ்வெண்ணின் இயல்பையே உரைக்கிறது.

இருபத்து மூன்றும் பிள்ளையும்

இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பகா எண் பெறவேண்டுமாயின், இரண்டுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருத்தல் வேண்டும். ஆயின் அது மட்டும் போதாது. ஏழு இரண்டுகள் 127 என்னும் பகா எண்ணைத் தருகின்றன. பதினொன்றோ 2047ஐத் தருகின்றன. அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கமாகும்.

இந்த 23க்குத் தமிழரோடு தொடர்புடைய வரலாறும் உண்டு. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை ஒரு வினாவை எழுப்பினார். 1 முதல் ஓர் எண்வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் தொகையை வகுக்கும் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால், எஞ்சுவது அவ்வெண்ணால் எப்போதும் வகுபடுமா? 7 வரை இது பொருந்தும், 14இல் பொருந்தாது. 87,178,291,201 என்னும் தொகையை 23 வகுக்கும். ஆனால் 22ஐ 14 வகுக்காது. இத்தகையவை ‘பிள்ளை பகா எண்கள்’ எனப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23. இவை எண்ணிறந்தவை என்பது பின்னர் நிறுவப்பட்டது. பிள்ளை 1950இல் அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

வகுப்பறை நிலை

மலேசியாவில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் இம்மாற்றத்திற்கு உட்பட்டன. இக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், இலக்கண வகுப்பில் பகாப்பதம் கற்ற மாணவர் கணித வகுப்பில் அதன் உறவுச் சொல்லைக் காணும் வாய்ப்புக் குன்றியது. ஒரு சொல் மற்றொன்றை விளக்கும் வழி அடைபட்டதே இங்குக் கருதத்தக்க இழப்பு.

முடிவுரை

கலைச்சொல் என்பது மொழிபெயர்ப்புப் பட்டியல் மட்டுமன்று. அது சிந்திக்கும் கருவியுமாகும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பகாப்பதம் கற்பிக்கும் ஆசிரியர், அதே கரும்பலகையில் 23ஐயும் எழுதிக் காட்டலாம். இலக்கணமும் கணிதமும் ஒரே வினையடியில் சந்திப்பதை மாணவர் அப்போது தாமே காண்பர்.