கண்டி மலைவீதிகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: குறைந்த செலவில் தாங்குதொகுதியைத் தெரிவுசெய்தல்

1. வரையறைகள்

காரின் உடலுக்கும் சில்லுகளுக்கும் இடையே நின்று பாரத்தைச் சுமந்து, சில்லை வழிநடத்தி, அதிர்வைத் தணிக்கும் முழு அமைப்பையும் தாங்குதொகுதி என்கிறோம். கராஜில் இதற்குச் சஸ்பென்ஷன் என்று பெயர். இதன் உறுப்புகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது வில், அது சக்தியைச் சேமித்துத் திருப்பித் தரும். இரண்டாவது தணிப்பான், அதாவது ஷொக் அப்ஸோபர். அது அச்சக்தியை எண்ணெயின் ஊடாக வெப்பமாக்கி வெளியேற்றும். மூன்றாவது மூட்டுறுப்பு, இறப்பர் புஷ்களும் போல் ஜொயின்ற்களும் இதில் அடங்கும். வில்லின் வேலையைத் தணிப்பானிடமும் தணிப்பானின் வேலையை வில்லிடமும் எதிர்பார்ப்பதால்தான் இத்துறையில் பெரும்பாலான பணம் வீணாகிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்னும்போது இரண்டு வகைகளை மனத்திற் கொள்கிறோம். ஒன்று, 1962 முதல் 1980 வரை பிரித்தானியாவில் உற்பத்தியான எம்.ஜி.பி. மற்றையது, 1989இல் அறிமுகமாகி 1997 வரை வெளிவந்த முதற்றலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5. முன்னதன் பின்புறம் தகட்டுவில்லும் ஒற்றை அச்சும் கொண்டது. பின்னதன் நான்கு சில்லுகளும் தனித்தனியே இரட்டைக் கவைக்கரங்களில் இயங்குபவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போதும் இத்தனை வயதுடைய கார்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. நாட்டில் எஞ்சியிருப்பவற்றைக் காப்பதே வழி.

குறைந்த செலவு என்பது கடையில் கொடுக்கும் விலை மட்டுமன்று. கூலி, அடுத்த மாற்றம் வரையான ஆயுள், தவறான பாகம் மற்றைய உறுப்புகளுக்கு விளைக்கும் சேதம் ஆகியவை சேர்ந்த மொத்தமே இங்கு செலவு.

2. வீதி விதிக்கும் நிபந்தனை

கண்டியை எத்திசையில் அணுகினாலும் ஏற்றமோ இறக்கமோ உண்டு. மேற்கே மாவனெல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம்; தெற்கே கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் ஏ5 வீதி; கிழக்கே மஹியங்கனைக்கு இறங்கும் ஏ26 வீதியின் பதினெட்டு வளைவுகள். இவ்வீதிகளில் வேகம் குறைவு என்பதால் தாங்குதொகுதிக்கு வேலையும் குறைவு என்று கருதுவோர் உளர். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கும் காருக்கு ஏறத்தாழ 4.6 மீ/செ² பக்க ஆர்முடுகல் தேவை. அது புவியீர்ப்பு ஆர்முடுகலின் பாதிக்குச் சற்றே குறைவு. மழையில் நனைந்த தாரில், தேய்ந்த டயருக்கு இது சிறிய கோரிக்கை அல்ல.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பஸ்களும் லொறிகளும் பிரேக் பிடித்துத் திரும்பும் இடங்களில் தார் அலையலையாகச் சுருங்குகிறது. அவ்வலைகள் 70 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்தால், 30 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 12 முறை தூக்கி எறியப்படும். சில்லு, பிரேக், குடம் ஆகியவற்றின் திணிவு ஒரு மூலையில் 35 கிலோகிராம் எனவும், டயரின் விறைப்பு மில்லிமீற்றருக்கு 180 நியூட்டன் எனவும், சில்லில் உணரப்படும் வில்லின் விறைப்பு 16 நியூட்டன் எனவும் கொள்வோம். அச்சில்லின் இயற்கை மீடிறனும் ஏறத்தாழ 12 ஹேர்ட்ஸ்தான். இரண்டும் பொருந்தும்போது பரிவு நிகழ்கிறது: வளைவின் நடுவில், பிடி மிகத் தேவைப்படும் கணத்தில், டயர் வீதியை விட்டு எழுகிறது.

இப்போது வில்லை ஒன்றரை மடங்கு விறைப்பாக்கினால் என்ன ஆகும்? டயரின் விறைப்பே மேலோங்கி நிற்பதால் சில்லின் மீடிறன் இரண்டு சதவீதம்தான் உயரும். ஆனால் காரின் உடல் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஒரு மூலையில் 220 கிலோகிராம் தாங்கும் வில்லில் அதன் மீடிறன் 1.36 ஹேர்ட்ஸிலிருந்து 1.66 ஆகும், பழைய தணிப்பானோ அந்த வில்லுக்குப் போதாததாகிவிடும். அதாவது, கண்டி வளைவின் நோய்க்கு விறைப்பான வில் மருந்தாகாது. மருந்து தணிப்பானிலேயே இருக்கிறது. இக்கட்டுரையின் முடிபு அனைத்தும் இவ்விடத்திலிருந்தே பிறக்கிறது.

3. பழுதின் நிலைகள்

பழுது பொதுவாக மூன்று நிலைகளில் முற்றுகிறது. முதலில் புஷ்களின் இறப்பர் வெடித்து, சில்லின் கோணம் பிரேக்கின்போது மாறுகிறது. அடுத்துத் தணிப்பானின் அடைப்பு தளர்ந்து எண்ணெய் கசிகிறது. இறுதியாக வில் அமர்ந்து காரின் உயரம் குறைகிறது. உரிமையாளர் கண்ணுக்கு முதலில் படுவது மூன்றாவதே. ஆகையால் அவர் வில்லையே முதலில் வாங்குகிறார்.

எம்.ஜி.பி.யின் தணிப்பான் தனித்துக் கவனிக்கத்தக்கது. அது குழாய்வடிவினதன்று. வார்ப்புக் கூட்டினுள் இரண்டு முசலங்கள் எண்ணெயைத் தள்ள, வெளியே நெம்புகரம் அசையும். முன்புறத்தில் அந்நெம்புகரமே மேற்கவைக்கரமாகவும் நிற்கிறது. ஆகவே அதன் தண்டு தேய்ந்தால் தணிப்புடன் சில்லின் வழியும் கெடும். பின்புறத்தில் சோதிப்பது எளிது: இணைப்புக் கம்பியைக் கழற்றி, கரத்தைக் கையால் முழு வீச்சுக்கும் மெல்ல அசைக்க வேண்டும். தடை சீராக இருந்தால் நன்று. ஓரிடத்தில் கை வெறுமையாக விழுந்தால் உள்ளே காற்று உண்டு அல்லது வால்வு தேய்ந்துவிட்டது. எண்ணெய் ஊற்றி மீண்டும் சோதித்தும் அவ்வெறுமை நீடித்தால் அதனை மீளமைக்கக் கொடுக்க வேண்டும். தடித்த எண்ணெய் ஊற்றுவது பரவலான வழக்கம். பிசுக்குமை உயர்வதால் சில வாரம் காரியம் நடந்தது போலத் தோன்றும், தேய்ந்த தண்டு தேய்ந்தபடியே இருக்கும்.

4. மாற்றுப் பாகங்களின் வகுப்பு

கிடைப்பவை நான்கு வகுப்பு. முதலாவது, தொழிற்சாலை அளவுக்கு இணையான புதிய தணிப்பான். எம்.எக்ஸ்-5க்குக் கேவைபி போன்ற நிறுவனங்களின் சாதாரண வரிசை இவ்வகையது. இதனையே நாம் முதலிடத்தில் வைக்கிறோம்.

இரண்டாவது, மீளமைத்த பழைய பாகம். எம்.ஜி.பி.க்கு இதுவே இயல்பான வழி. நெம்புகரத் தணிப்பானை அகற்றிக் குழாய்வடிவினதைப் பொருத்தும் தொகுதிகள் வெளிநாட்டில் உண்டெனினும், அனுப்புசெலவும் வரியும் சேர்ந்தால் நம் வரையறைப்படி அவை மலிவல்ல.

மூன்றாவது, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த பாகம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கக்கூடியது. தண்டின் குரோம் பூச்சில் குழியோ அடைப்பின் ஓரத்தில் எண்ணெய்ப் படலமோ இருந்தால் வாங்கலாகாது. நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை அமுக்கி எடுக்க வேண்டும். படுக்கவைத்திருந்த தணிப்பானில் புகுந்த காற்று அப்போது விலகும். அதன் பின்னரும் நடுவீச்சில் தண்டு துள்ளினால் அது பழுது.

நான்காவது, உயரம் மாற்றத்தக்க மலிவான கொயில்ஓவர் தொகுதி. இதனை நாம் ஏற்கவில்லை. காரைத் தாழ்த்தும்போது மேல்நோக்கிய வீச்சு குறைகிறது. குழியிலும் வடிகாலோரத்திலும் தொகுதி இறப்பர்த் தடுப்பில் மோதி, ஒரு கணம் வில்லே இல்லாத கார் ஆகிறது. வில்லை வெட்டித் தாழ்த்துவது இன்னும் கேடு. வெட்டிய வில் விறைப்பும் கூடும், வீச்சும் குறையும், கீழ் ஆசனத்தில் சரிவர அமரவும் மாட்டாது.

5. செலவழிக்கும் ஒழுங்கு

ஆகவே முதலில் டயரும் புஷ்களும். அடுத்துத் தணிப்பான்கள், ஓர் அச்சின் இரு பக்கமும் ஒருங்கே. மேல்மூட்டின் இறப்பரையும் தடுப்பு இறப்பரையும் அவ்வேளையிலேயே மாற்றிவிடுவது கூலியை மிச்சமாக்கும். வில்லை அளந்து பார்த்து, முறிவோ இடவல உயர வேறுபாடோ இருந்தால் மட்டும், பழைய விறைப்பிலேயே மாற்ற வேண்டும். தகட்டுவில்லாயின் தகடுகளைப் பிரித்துத் துருவகற்றிக் கிறீஸ் இட்டாலே பெரும்பாலும் போதும். இறுதியில் சில்லுக்கோணம் சீராக்கல்.

1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியை மனத்திற்கொண்டு காரை ஆயத்தம் செய்வோருக்கு விறைப்பான வில்லுக்கான நியாயம் வேறு. அன்றாடம் பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் போய்வரும் காருக்கு அந்நியாயம் பொருந்தாது.

வாசகர் கராஜில் கேட்டுப்பெற வேண்டிய ஒன்று எஞ்சுகிறது. ஜாக்கில் தூக்கி, சில்லுகள் தொங்கும் நிலையில் இறப்பர் புஷ்களின் போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், கார் தரையில் அமர்ந்ததும் இறப்பர் நிரந்தரமாக முறுகி விரைவில் கிழியும். போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, கார் தன் பாரத்தில் சில்லுகளின்மீது நிற்கும்போதே இறுதியாக இறுக்கச் சொல்லுங்கள். இதற்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை.