இன்டர்நெட் பெயருக்கும் வருது சொத்து தகராறு! கம்பெனி நோட்டீசு வந்தால் வக்கீல் எப்படி வாதாடுவார்?

புதுக்கோட்டை:

கீழ ராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் சரி, கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்பவரும் சரி, கடைக்கு போர்டு மாட்டுவது போல இன்டர்நெட்டிலும் ஒரு பெயர் வாங்கிப் போட்டு விடுகிறார்கள். ‘டாட் காம்’, ‘டாட் இன்’ என்று முடியும் இந்தப் பெயருக்குத்தான் ‘டொமைன்’ என்று பெயர்.

பில் புக்கு, விசிட்டிங் கார்டு, டெலிவரி வண்டி என்று எல்லாவற்றிலும் அதை அச்சடித்து, நாலு வருஷம் தொழிலும் நடந்த பிறகு, ‘இது எங்கள் கம்பெனி பெயர், உடனே எழுதிக் கொடு’ என்று வெளியூர் வக்கீல் நோட்டீசு வந்தால் கதி என்ன? பயந்துபோய் கொடுத்து விடுபவர்கள்தான் அதிகம். ஆனால் பெயரை வைத்திருப்பவருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒரு எழுத்து வித்தியாசம்

இந்தியாவில் இதற்கு வழிகாட்டியான தீர்ப்பு சென்னை கம்பெனி ஒன்றின் வழக்கில்தான் வந்தது. சத்யம் இன்போவே நிறுவனம் 1999-ல் ‘சிஃபி’ என்ற சொல்லை வைத்து பல டொமைன்களை பதிவு செய்தது. 2001-ல் வேறொரு நிறுவனம் கிட்டத்தட்ட அதே பெயரில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘எஃப்’ எழுத்துதான் கூடுதல்.

பெங்களூர் சிவில் கோர்ட்டு தடை போட்டது. கர்நாடக ஐகோர்ட்டு அந்த தடையை நீக்கியது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு 6-5-2004 அன்று சென்னை நிறுவனத்துக்கு சாதகமாக தீர்ப்பு சொன்னது. ‘பங்குதாரர்கள் 5 பேரின் முதல் எழுத்தை சேர்த்து வைத்த பெயர்’ என்று எதிர்த்தரப்பு சொன்னதை கோர்ட்டு நம்பவில்லை.

டொமைன் வெறும் விலாசம் அல்ல, டிரேட் மார்க் போலவே வியாபாரத்தின் அடையாளம் என்று இந்த தீர்ப்பு உறுதி செய்தது. பெயர் வைத்த காரணத்தை வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்பதும் இதில் உள்ள பாடம்.

எங்கே விசாரணை?

‘டாட் காம்’ பெயர் என்றால் 1999-ல் ‘ஐகான்’ அமைப்பு கொண்டு வந்த விதிப்படி புகார் போடலாம். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கிறது. எல்லாம் இ-மெயிலிலேயே நடக்கும். பதில் கொடுக்க 20 நாள்தான் கெடு. பதில் போடாமல் விட்டால் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் பார்த்து முடிவு செய்து விடுவார்கள். ஒரே நடுவர் விசாரித்தால் பெயரை வைத்திருப்பவர் அதற்கு கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

‘டாட் இன்’ பெயர் என்றால் ‘நிக்சி’ அமைப்பு நியமிக்கும் நடுவர் விசாரிப்பார். அந்த முடிவை 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின்படி 3 மாதத்துக்குள் கோர்ட்டில் எதிர்க்கலாம்.

இது இல்லாமல் நேராக கோர்ட்டுக்கும் போகலாம். டிரேட் மார்க் வழக்கை மாவட்ட கோர்ட்டுக்கு கீழே உள்ள கோர்ட்டில் போட முடியாது. பதிவு செய்த டிரேட் மார்க் வைத்திருக்கும் கம்பெனி தன் சொந்த ஊரிலேயே வழக்கு போடவும் சட்டம் இடம் தருகிறது. அதனால் புதுக்கோட்டைக்காரர் மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டி வரலாம்.

மூன்று கேள்விகள்

நடுவர் முன்பு புகார் கொடுத்த கம்பெனி மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, டொமைன் தங்கள் டிரேட் மார்க் போலவே குழப்பும்படி இருக்கிறது. இரண்டு, வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை. மூன்று, அவருக்கு கெட்ட எண்ணம் இருக்கிறது.

மூன்றில் ஒன்று உடைந்தாலும் புகார் நிற்காது. வக்கீலின் வேலை அந்த ஒன்றை உடைப்பதுதான். சொந்தப் பெயர், குலப்பெயர், ஊர்ப்பெயர், எல்லோரும் பேசும் சாதாரண சொல் என்றால் இரண்டாவது விஷயத்தில் பிடிப்பார். ‘அந்த கம்பெனி பேர் வெளியே தெரியறதுக்கு முன்னாடியே வாங்கிட்டார்’ என்று தேதியை காட்டினால் மூன்றாவது விஷயம் ஆடிப்போகும்.

கார் கம்பெனியை எதிர்த்து நின்றவர்

அமெரிக்காவில் உசி நிசான் என்பவர் தன் குலப்பெயரிலேயே கம்ப்யூட்டர் கடை நடத்தி, 1994-ல் ‘நிசான் டாட் காம்’ பெயரை வாங்கினார். நிசான் கார் கம்பெனி 1999-ல் அவர் மீது வழக்கு போட்டது. அந்த தளத்தில் கார் விளம்பரம் வந்தது தப்பு என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் பல வருஷ போராட்டத்துக்கு பிறகும் பெயர் அவரிடமே இருந்தது. சொந்தப் பெயராக இருந்தாலும் எதிர்த்தரப்பு தொழில் சம்பந்தமான விளம்பரத்தை ஏற்றக்கூடாது என்பதற்கு இது உதாரணம்.

விலை சொன்னால் வம்பு

கனடாவில் மைக் ரோ என்ற 17 வயது மாணவர் தன் பெயரோடு ‘சாப்ட்’ சேர்த்து டொமைன் வாங்கினார். உச்சரித்தால் மைக்ரோசாப்ட் போலவே கேட்கும். அந்த கம்பெனி 10 டாலர் தருவதாக சொன்னது. அவர் 10 ஆயிரம் டாலர் கேட்டார். உடனே ‘பணம் பறிக்கத்தான் பெயர் வாங்கினார்’ என்று வக்கீல்கள் குற்றம் சாட்டினார்கள். 2004-ல் சமரசம் ஆகி, பெயர் கம்பெனிக்கு போனது.

நோட்டீசு வந்ததும் ‘இவ்வளவு கொடுங்க, தந்துடறேன்’ என்று பதில் எழுதுவது தன் தலையில் தானே மண்ணை போடுவது மாதிரி. அந்த ஒரு வரியே கெட்ட எண்ணத்துக்கு சாட்சி ஆகிவிடும்.

தோற்றாலும் வழி உண்டு

‘பார்சிலோனா டாட் காம்’ வழக்கில் 2000-ல் நடுவர் முடிவு அந்த நகர சபைக்கு சாதகமாக வந்தது. டொமைன் வைத்திருந்த நிறுவனம் அமெரிக்க கோர்ட்டுக்கு போனது. வெறும் ஊர்ப்பெயரை டிரேட் மார்க் என்று சொந்தம் கொண்டாட முடியாது என்று 2003-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி, பெயரை நிறுவனத்துக்கே கொடுத்தது.

‘டாட் காம்’ விதிப்படி நடுவர் முடிவு வந்தாலும் 10 வேலை நாட்கள் பெயர் மாறாது. அதற்குள் உரிய கோர்ட்டில் வழக்கு போட்டால் மாற்றம் நிற்கும்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

* டொமைன் வாங்கிய ரசீது, வருஷா வருஷம் புதுப்பித்த ரசீது
* பெயர் போட்ட பழைய பில், ஜி.எஸ்.டி. பதிவு, நோட்டீசு, போர்டு போட்டோ
* பதிவு கடைக்காரர் பெயரிலேயே இருப்பதற்கு சான்று. தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் முதலில் மாற்றுங்கள்
* பதிவில் உள்ள இ-மெயிலை தினமும் பாருங்கள். புகார் முதலில் அங்கேதான் வரும்

வக்கீலுக்கு பணம் கட்ட முடியாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இலவச சட்ட உதவி கேட்கலாம். உதவி எண் 15100.

நோட்டீசை மடித்து டிராயரில் போட்டு விடாதீர்கள். 20 நாள் சீக்கிரம் ஓடிவிடும்.