நற்சான்றும் முத்திரையும்

ஒருவன் குற்றவாளியென நிறுவப்படும்வரை அவனை நிரபராதியாகவே கொள்ளவேண்டும் என்பது நீதித்துறையினர் பெருமையோடு எடுத்துரைக்கும் விதி. ஆயினும் பருத்தித்துறையிலிருந்து பிழைப்புத் தேடி அந்நிய நாடொன்றிற்குப் புறப்படும் தொழிலாளியிடம் இவ்விதி தலைகீழாகிவிடுகின்றது. தான் குற்றம் புரியாதவன் என்பதை அவனே நிறுவவேண்டும். அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் காட்டவேண்டும். அச்சான்றிதழ் மெய்யானது என்பதற்கு வேறு முத்திரைகளும் காட்டவேண்டும். வழமையென நாம் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, எவரது நன்மைக்காக வந்தது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

பருத்தித்துறை கடலை நம்பி வாழ்ந்த ஊர். வேதாரணியமும் நாகபட்டினமும் அதற்கு அயலூர்கள் போன்றவை. 1948ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபின்னரே அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே கடவுச்சீட்டு என்னும் வேலி எழுந்தது. அதற்கு முன்னர் தோணியில் ஏறுபவனைத் தண்டையல் அறிந்திருந்தான். அவ்வறிமுகமே போதிய சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். அக்காலத்தில் ஒருவனது ஒழுக்கத்துக்குப் பள்ளி அதிபரும் பாதிரியாரும் விதானையாருமே சாட்சி கூறினர்.

அந்தக் காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவதற்கில்லை. காணியும் சாதியும் உடையவனுக்கே விதானையாரின் வாய் எளிதில் திறந்தது. கல்லூரி வாசலை மிதிக்கவிடாது தடுக்கப்பட்ட மக்களுக்கு அதிபரின் கடிதம் எட்டாக்கனி. ஆயினும் ஒன்று தெளிவு. அன்று சாட்சி கூறியவர்கள் அம்மனிதனை நேரில் அறிந்திருந்தனர். இன்று கையொப்பமிடும் அதிகாரிக்கு அவன் ஒரு பதிவிலக்கம்.

இம்மாற்றத்தின் வித்து ஏகாதிபத்திய ஆட்சியில் இடப்பட்டது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, வீதி வேலைக்குப் பொருள் தரவிருந்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் தமது கையொப்பத்தை மறுக்க அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். உள்நாட்டவனின் சொல்லை நம்பாமை கருவியாக உருவெடுத்தது இவ்வாறுதான். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியரின் பெயர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மேலதிகாரியான எட்வேட் ஹென்றியின் பெயரே அம்முறைக்குச் சூட்டப்பட்டது. 1901இல் அது இலண்டன் பொலிசாரின் தலைமையகத்துக்கும் சென்றது. குடியேற்ற நாட்டு மக்களைக் கண்காணிக்கப் பழகிய கை, ஆளும் நாட்டின் உழைப்பாளரையும் கண்காணிக்கத் தொடங்கியது.

தனிமனிதரோடு இது நிற்கவில்லை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையும் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிற்று. 1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்திலும் செயற்படத் தொடங்கியது. மதுரைப் புறத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் பெயர்ப்பதிவுக்கு உடன்பட மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3ஆந் திகதி துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பொலிஸ் ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்தவையல்ல. ஏடு எவர் கையில் இருக்கின்றது என்பதையும் பொறுத்தவை.

பருத்தித்துறை மக்களுக்கு இவ்வுண்மையை நூல்களிலிருந்து கற்கும் தேவை இருக்கவில்லை. 1963இல் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தனர். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. வழக்கின்றிப் பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்க அது இடமளித்தது. தலைமுறை தலைமுறையாக மாணவருக்கு நன்னடத்தைச் சான்று வழங்கிவந்த ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடமும் 1984 செப்டெம்பரில் பொலிசாரால் எரிக்கப்பட்டன. கல்லூரி தரும் சான்றை வெளிநாடு ஏற்பதில்லை. பொலிசார் தரும் சான்றையே ஏற்கின்றது! வரலாற்றின் முரண்பாடுகளுள் இதனினும் கசப்பானது அரிது.

யுத்த காலத்தில் சொந்த மண்ணிலேயே பயணத்துக்குச் சான்று வேண்டியிருந்தது. விடுதலைப் புலிகளின் ஆட்சியில் குடாநாட்டை விட்டு வெளியேற அவர்களது அனுமதிச் சீட்டு. குடாநாடு இராணுவத்தின் கைக்கு மாறியபின் இராணுவத்தின் அனுமதி. 2006 ஓகஸ்ட் 11ஆந் திகதி ஏ-9 வீதி மூடப்பட்டபின், கப்பலேறவும் விமானமேறவும் படையினரின் அனுமதிக்காக மக்கள் காத்துக்கிடந்தனர். ஆட்சிகள் மாறின; மக்கள் வரிசையில் நிற்பது மாறவில்லை.

இன்றைய நடைமுறையைக் காண்போம். நற்சான்றிதழை வழங்குவது கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம். அதிலுள்ள கையொப்பத்தை வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்துகின்றது. செல்லும் நாடு வளைகுடா நாடாயின், பல வேளைகளில் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் அதன்மேல் ஏறவேண்டும். தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கும் செலவு தனி. கொழும்போ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவு. யாழ்ப்பாணத்தில் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் திறக்கப்பட்டதும், விண்ணப்பத்தைக் கணினிவழி அனுப்ப வழி பிறந்ததும் சுமையை ஓரளவு குறைத்துள்ளன. தூதரகங்கள் கொழும்பிலேயே உள்ளன.

இம்முத்திரைகள் எதனை மெய்ப்பிக்கின்றன? ஒருவனது நேர்மையையா? இல்லை. 1961 ஒக்டோபர் 5ஆந் திகதி ஹேக் நகரில் உருவான சர்வதேச ஒப்பந்தம் இதனை ஒளிவுமறைவின்றி வரையறுக்கின்றது: கையொப்பம் மெய்யானது, ஒப்பமிட்டவர் அப்பதவியினர், முத்திரை உரியது. இவ்வளவே. உள்ளடக்கம் உண்மையா என்பதுபற்றி முத்திரைக்குக் கவலையில்லை. ஓர் அதிகாரியை இன்னோர் அதிகாரி மெய்ப்பிக்கின்றார். அவரை மூன்றாமவர் மெய்ப்பிக்கின்றார். கட்டணம் செலுத்துபவன் மட்டும் மாறுவதில்லை. இச்சங்கிலியை ஒரே சான்றாகச் சுருக்குவதே அவ்வொப்பந்தத்தின் நோக்கம். இந்தியாவில் அது 2005 யூலை 14ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. 2001இல் ஹேக் மாநாட்டமைப்பில் உறுப்பு நாடான இலங்கையோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் அவ்வொப்பந்தத்தில் சேராதிருந்தது. அத்தாமதத்தின் விலையை அமைச்சர்கள் செலுத்தவில்லை. வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணும் கட்டடத் தொழிலாளியும் நகையை அடகுவைத்துச் செலுத்தினர்.

குழந்தைகளையும் நோயாளரையும் பராமரிக்க வருவோரின் முன்வரலாற்றை ஒரு நாடு விசாரிப்பது தவறன்று. ஆனால் உழைப்பை வாங்குபவன் ஐயுறுகின்றான், விற்பவன் அவ்வையத்தைத் தீர்க்கும் செலவை ஏற்கின்றான் என்பது எவ்வகை நியாயம்? கடற்கரையில் வெயில் காயவரும் செல்வந்த நாட்டு உல்லாசப் பயணியிடம் எவரும் நற்சான்று கேட்பதில்லை. கூலிக்கு உழைக்கச் செல்பவனின் ஒழுக்கமே ஐயத்துக்குரியதாகின்றது. இது ஒழுக்கத்தின் இலக்கணமன்று, வர்க்கத்தின் இலக்கணம்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஐயுறும் அரசு மற்ற அரசிடம் நேரே விசாரிக்கட்டும். அதற்கான செலவைத் தொழில் வழங்குவோர் ஏற்கட்டும். சான்றிதழ் பருத்தித்துறையிலேயே, மக்களின் மொழியிலேயே கிடைக்கட்டும். விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு விடுதலையானவரின் பெயரில் எந்த நிழலும் படியாதிருக்கட்டும். ஆசிரியரும் மாணவரும் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதோடு அமையாது, இவற்றை ஊர்ப் பொதுக் கோரிக்கைகளாக்க முன்வரவேண்டும். குற்றம் புரியாத மனிதன் தன் குற்றமின்மையை விலைகொடுத்து வாங்கும் நிலை நீடிக்கும்வரை, நிரபராதி பற்றிய அந்த விதி ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.