கொல்லிமலை வல்வில் ஓரி விழா: வில்வித்தை மட்டும்தானா? பாட்டுக்கும் பங்கு இருக்கு!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வழக்கமாக ஆடி 17, 18 தேதிகளில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. செம்மேட்டில் கலை நிகழ்ச்சிகள், வில்வித்தைப் போட்டி எல்லாம் உண்டு.

யார் இந்த ஓரி?

கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தினார் என்கிறது புறநானூறு 152. பாடியவர் வன்பரணர்.

பாட்டு எங்கே வருது?

அதே பாடலில்தான். வேட்டைக்காரர் யாரென்று தெரியாமலேயே யாழ், முழவு, ஆகுளி, பதலை என முழுக் குழுவோடு பாடுகிறார்கள். 'கோ' என்ற சொல் வந்ததும் அவர் நாணுகிறார். பிறகு மான் இறைச்சியும் பொன்னும் தருகிறார். அடுத்த பாடலில், வயிறு நிறைந்த கலைஞர்கள் ஆடவும் பாடவும் மறந்தே போகிறார்கள்!

அப்புறம் என்னாச்சு?

மலையமான் திருமுடிக்காரியுடன் நடந்த போரில் ஓரி இறந்தார். மலை சேரர் கைக்குப் போனது. ஆனா, மலையின் பெயர் இசையில் தங்கிவிட்டது. தேவாரத்தில் வரும் 'கொல்லி'ப் பண்ணை ஓதுவார்கள் இன்று நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள்.

போறவங்க கவனிக்க

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் விழா அறிவிப்பைப் பார்த்துடுங்க. அம்பு பார்த்த கையோடு கலை மேடைப் பக்கமும் போங்க. ஓரியின் பெயரைக் காப்பாற்றியது பாட்டுதான்.