சுடுகாட்டுப் பூ

தர்மபுரிப் பக்கம் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மழை பொய்த்தாலும் பூக்கும், ஆடு வாய் வைக்காது, முழங்கால் உயரத்தில் தரையை மூடி நிற்கும். இருந்தும் வாசலில் இடமில்லை!

அதன் பிறந்த ஊர் மடகாஸ்கர். விதை பாரிஸ் அரசத் தோட்டத்துக்கும், அங்கிருந்து லண்டன் செல்சி தோட்டத்துக்கும் போனது. 1759இல் லின்னேயஸ் வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'பெர்வான்ஷ்'.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அதன் இலைச்சாற்றைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அப்படிக் கிடைத்தது வின்பிளாஸ்டின். அடுத்து வந்த வின்கிறிஸ்டினைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றுகிறார்கள்.

சர்க்கரைக்கென்று இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், அது நஞ்சு. வாசலில் தாராளமாக வையுங்கள்.