அச்சத்துக்கு நோய் என்று பெயர்

மணமுறிவு வழக்கில் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று உளவியலாளர் அறிக்கை எழுதுவது இன்று பழகிப்போன நடைமுறை. அந்த அறிக்கையின் பின்னே நீண்ட வரலாறு உண்டு. அதைத் தேடிப் படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது: தாய்மையைப் போற்றுகிற சமூகம் தாயின் சொல்லையும் நம்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருமணத்தில் பிறந்த குழந்தை சட்டப்படி தகப்பனுக்கே உரியது. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று மகன்களையும் 1836இல் கணவர் பிரித்துக் கொண்டுபோனார். கரோலின் துண்டறிக்கைகள் எழுதி நாடாளுமன்றத்தை நெருக்கினார். 1839இல் குழந்தைகள் காவல் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் மனுச் செய்யலாம் என்றது அது. நடத்தை தவறியவள் என்று தீர்ப்பானவளுக்கு அந்த உரிமையும் கிடையாது. கரோலினின் கணவரோ பிள்ளைகளை அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார். இளைய மகன் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான்.

'பிஞ்சு வயதில் தாய்மடி' என்ற கருத்து அதன்பின் மெல்ல வேரூன்றியது. நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்திலும் அதன் சாயல் தெரியும்: ஐந்து வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம், இயற்கைக் காப்பாளர் மட்டும் முதலில் தகப்பன், அவருக்குப் பின்னரே தாய். வளர்க்கும் வேலை அவளுக்கு, முடிவெடுக்கும் அதிகாரம் அவனுக்கு.

1970களில் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தாய்க்கு முன்னுரிமை தருவதைக் கைவிட்டு, 'குழந்தையின் நலன்' என்ற அளவுகோலை ஏற்றன. கேட்க நியாயமானதுதான். ஆனால் நலனை அளப்பது எப்படி? நீதிபதிகள் உளவியலாளர்களை நாடினார்கள். காவல் வழக்குக்கென்றே சோதனைகள் உருவாயின. ராபர்ட் எமரி, ராண்டி ஓட்டோ, வில்லியம் ஓ'டொனஹ்யூ ஆகிய மூன்று உளவியலாளர்கள் 2005இல் இவற்றை ஆராய்ந்து, அந்தச் சோதனைகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார்கள்.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1985இல், ரிச்சர்ட் கார்ட்னர் என்ற மனநல மருத்துவர் 'பேரன்டல் ஏலியனேஷன் சிண்ட்ரோம்' என்ற சொல்லை உருவாக்கியிருந்தார். பெற்றோரில் ஒருவர், பெரும்பாலும் தாய், பிள்ளையின் மனதைக் கெடுத்து மற்றவரை வெறுக்க வைக்கிறார் என்பது அவர் வாதம். முற்றிய நிலையில் குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துத் தகப்பனிடம் கொடுப்பதே அவர் சொன்ன மருந்து. உண்மையான வன்முறை நடந்த வீட்டுக்கு இது பொருந்தாது என்றும் அவர் எழுதினார். நடந்ததா இல்லையா என்பதுதானே வழக்கே! அடிபட்ட பிள்ளை தகப்பனைக் கண்டு ஒளிகிறது. அந்த ஒளிதலே தாய் கெடுத்ததற்குச் சான்றாகிறது. அவள் மறுத்துப் பேசப் பேசச் சான்று வலுக்கிறது.

விளைவை ஜோன் மயர் என்ற சட்டப் பேராசிரியர் அளந்து பார்த்தார். 2005 முதல் 2014 வரை வெளியான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தீர்ப்புகளை அவர் குழு ஆராய்ந்தது. தகப்பன் இந்த எதிர்வாதத்தை வைக்காத வழக்குகளில், தாய் சொன்ன வன்முறைக் குற்றச்சாட்டை நீதிமன்றங்கள் நம்பியது 41 விழுக்காடு. வைத்த வழக்குகளில் 23 விழுக்காடு. இந்த முடிவுகளை மறுத்து எழுதிய ஆய்வாளர்களும் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஆனால் 2013இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேடு இந்த 'நோயை' ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தன் நோய் வகைப்பாட்டு அகரவரிசையிலிருந்தே அந்தச் சொல்லை நீக்கியது. குடும்ப வழக்குகளில் அதைத் தடைசெய்யுமாறு ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டார்.

நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் விவேக் சிங் வழக்கில் இதே சொல்லைக் கையாண்டது. அங்கே தகப்பனிடம் வளர்ந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க அது உதவியது. அதற்காக மகிழ்ந்துவிட எனக்கு மனமில்லை. பிள்ளையின் மனதில் நஞ்சூட்டும் பெற்றோர் இருபாலிலும் உண்டு. அதை நடந்த செயல்களைக் கொண்டு நிறுவ முடியும், நோய்ப்பெயர் தேவையில்லை. இன்று தாய்க்கு உதவிய சொல் நாளை அடிவாங்கியவளின் வாயை அடைக்கவும் பயன்படும்.

சட்டமும் உளவியலும் படிக்கும் மாணவியரிடம் நான் கேட்பது இதுதான். இத்தகைய அறிக்கை கையில் வந்தால் முடிவை முதலில் படிக்காதீர்கள். எழுதியவர் மருத்துவக் குறிப்பைப் பார்த்தாரா, காவல் நிலையப் புகாரைப் படித்தாரா, குழந்தையிடம் எத்தனை முறை, யார் அருகில் இருக்கப் பேசினார் என்று பாருங்கள். குழந்தை ஏன் பயப்படுகிறது என்று கேட்காமலேயே அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டிருந்தால், குறுக்கு விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.